ரூம்மேட் தோரியம்!

இந்த வாரம் லவ் மேட்டர், அரியர் மேட்டர் எதுவும் கிடையாது. ஒரே ஒரு லெட்டர்தான். ரெண்டு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதின கையெழுத்து. எழுதியிருப்பது குமரி மாவட்டத்துக் கடற்கரை கிராமம் ஒன்றிலிருந்து வெளியூர் வந்து இன்ஜினீயரிங் படிக்கிற ஒரு பொண்ணு. பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கு. போடலை.

மேட்டர் இதுதான். ஹாஸ்டல்ல யாரோ நெட்டில் எதையோ படிச்சுட்டு, 'உங்க ஊர் மண்ணுல ரேடியேஷன் இருக்காமே? நைட்ல மினுங்குவியா?'ன்னு ஆரம்பிச்சிருக்காங்க. முதல் வாரம் காமெடி. எல்லோரும் சிரிச்சாங்க, இவளும் சேர்ந்து சிரிச்சா. ரெண்டாவது வாரம் பட்டப்பேர் வந்துடுச்சு. மூணாவது வாரம் ரூம்மேட் ஒருத்தி தன்னோட கட்டிலை எதிர்ச் சுவர் ஓரமா இழுத்துப் போட்டுக்கிட்டா. 'தப்பா எடுத்துக்காதேடி, எங்க அம்மா பயப்படறாங்க'ன்னு விளக்கம் வேற. 'நாளைக்கு உனக்குக் குழந்தை பிறந்தா...'ன்னு இன்னொருத்தி ஆரம்பிச்சு, பாதியில நிறுத்தியிருக்கா.

லெட்டரோட கடைசிப் பாரா: 'அரிய மண் தனிமம் எல்லாமே கதிரியக்கம் உள்ளதுதான்னு ஒருத்தி அடிச்சுச் சொல்றா. நிஜமா? எங்க பாட்டிக்கு வயசு எண்பது தாண்டிடுச்சு. இன்னிக்கும் தலையில மீன் கூடை தூக்கிட்டுத்தான் போறாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?'

சரி, பதில் சொல்வோம். கொஞ்சம் கெமிஸ்ட்ரி, கொஞ்சம் ஹிஸ்டரி, லைட்டா கணக்கு. கொட்டாவி விடாம வாங்க.

முதல்ல அந்தப் பேரே ஒரு டுபாக்கூர். ரேர் எர்த்னு சொல்றோமே, அது ரேரும் இல்லை, எர்த்தும் இல்லை. பழைய வேதியியல்காரங்க, சூடு பண்ணினாலும் லேசில் அசையாத ஆக்ஸைடுகளை 'மண்'னு சொல்லுவாங்க. அந்தப் பழக்கத்துல வந்த பேர். அரிதானும்னா அதுவும் இல்லை. சீரியம் பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பு அளவுக்கு இருக்கு. ஒரே இடத்துல குவிஞ்சு கிடைக்காது, கிடைச்சாலும் ஒண்ணை ஒண்ணு பிரிக்கிறதுக்குள்ள தாவு தீர்ந்துடும். அவ்வளவுதான். ஸ்காண்டியம், இட்ரியம், அப்புறம் லாந்தனத்துல ஆரம்பிச்சு லுட்டீசியம் வரைக்கும் 15 பேர். ஆகமொத்தம் 17. பீரியாடிக் டேபிளுக்குக் கீழே தனியா ரெண்டு வரிசை தொங்குமே, அதில் மேல் வரிசைக்காரங்க. எக்ஸாமுக்கு யாரும் அந்தப் பக்கம் போறதே இல்லை!

இவங்கள்ல யாருக்கு கதிரியக்கம்?

முழுசா, சுத்தமா, அக்மார்க் கதிரியக்கம்னா ஒரே ஒருத்தர்தான். அணு எண் 61. பேர் ப்ரொமீதியம். இவருக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. இருக்கறதுலேயே நீண்ட நாள் வாழ்றதுக்கே அரை ஆயுள் 17.7 வருஷம். பூமிக்கு வயசு 454 கோடி வருஷம். ஆரம்பத்துல எவ்வளவு ப்ரொமீதியம் இருந்திருந்தாலும் எப்பவோ காலி. இப்ப பூமியில இருக்கறது யுரேனியம் தானாப் பிளக்கறதாலயும், யூரோப்பியம் சிதையறதாலயும் அப்பப்ப உண்டாகிற துளித் துளிதான். மொத்தப் பூமியையும் சலிச்சாலும் ஒரு கிலோ தேறாதுங்கறாங்க.

அது ஏன் 61-க்கு மட்டும் இந்தச் சாபம்? எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. கல்யாணப் பந்தியை நினைச்சுக்கோங்க. ஒரு எடைக்கு ஒரு இலை. பக்கத்துப் பக்கத்து அணு எண் உள்ள ரெண்டு பேர் ஒரே எடையில ஸ்திரமா உட்கார முடியாது. 1934-ல் மாட்டாக் என்பவர் சொன்ன விதி இது. 60-ம் நம்பர் நியோடிமியம், 62-ம் நம்பர் சமாரியம். ரெண்டு பேருமே இரட்டைப்படை. இரட்டைப்படைக்காரங்களுக்கு ஐசோடோப் குடும்பம் பெரிசு. 142-ல இருந்து 150 வரைக்கும் உள்ள அத்தனை இலையிலேயும் இந்த ரெண்டு வீட்டுக்காரங்களும் கைக்குட்டை போட்டு இடம் பிடிச்சாச்சு. நடுவுல வந்த 61 சுத்திச் சுத்திப் பார்க்குது... இலையே இல்லை. வேற வழியில்லாம வந்த வேகத்துல இடது பக்கமோ வலது பக்கமோ மாறிப் போயிடுது.

இந்தக் காலி இடம் 1914-லேயே தெரியும். மோஸ்லி எக்ஸ்-ரே வெச்சு, 'இங்கே ஒருத்தர் மிஸ்ஸிங்'னு காட்டிட்டார். உடனே கிளம்பிட்டாங்க. அமெரிக்காவின் இல்லினாய்ஸ்ல ஒரு குழு, 'கண்டுபிடிச்சாச்சு, பேர் இல்லினியம்'னு அறிவிச்சது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸ்ல இன்னொரு குழு, 'அதெல்லாம் இல்லை, நாங்கதான் ஃபர்ஸ்ட், பேர் ஃப்ளோரன்ஷியம்'னு சண்டைக்கு வந்தது. ரெண்டுமே தப்பு! கடைசியில 1945-ல் ஓக் ரிட்ஜ்ல, அணு உலையில் எரிஞ்ச யுரேனியத்தோட மிச்சத்துல இருந்து மரின்ஸ்கி, க்ளெண்டெனின், கோரியெல் மூணு பேரும் பிரிச்சு எடுத்தாங்க. போர்க் காலம், ரகசியம், வேலைப்பளு. அறிவிச்சது 1947-ல்தான். பேர் வெச்சது கோரியெலோட மனைவி கிரேஸ் மேரி. கடவுள்கிட்ட இருந்து நெருப்பைத் திருடின ப்ரொமீதியஸ் பேர்.

ஆக, உங்க ஊர்க் கடற்கரையில ப்ரொமீதியம் இல்லை. லெட்டர் எழுதின தங்கச்சி, முதல் டிக் அடிச்சுக்கோ.

'மத்த 16 பேரும் சுத்தமா?'ன்னு யாராவது கேட்டா, 'ஆமா'ன்னு டக்குனு சொல்லிடாதீங்க. வைவாவில் மாட்டிக்குவீங்க. சிலருக்கு லேசா, ரொம்ப லேசா இருக்கு. சமாரியத்துல சுமார் 15 சதவிகிதம் சமாரியம்-147. அதோட அரை ஆயுள் பத்தாயிரம் கோடி வருஷத்துக்கும் மேலே. லுட்டீசியத்துல 2.6 சதவிகிதம் லுட்டீசியம்-176. லாந்தனத்துல பத்தாயிரத்துக்கு ஒன்பது அணு லாந்தனம்-138. உங்க இயர்போன்ல, செல்போன் வைப்ரேட்டர்ல, கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்ல காந்தமா உட்கார்ந்திருக்கிற நியோடிமியத்துலயும் கால்வாசி நியோடிமியம்-144. அது டெக்னிக்கலா கதிரியக்கம்!

'ஐயையோ, காதுலயா!'ன்னு கழட்டாதீங்க. கணக்குப் போடுவோம். நியோடிமியம்-144-ன் அரை ஆயுள் 2-க்குப் பின்னால 15 சைபர் போடற அளவு வருஷம். ஒரு முழு கிராம் நியோடிமியத்தை எடுத்துக்கிட்டாலும், அதுல ஒரு அணு உடையறதுக்கு நீங்க சுமார் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல காத்திருக்கணும். உங்க இயர்போன்ல ஒரு கிராம்கூட இருக்காது. சமாரியம் கொஞ்சம் பரவாயில்லை, கிராமுக்கு வினாடிக்கு 127 சிதைவு. ஆனா அது ஆல்ஃபா. ஒரு பேப்பரைக்கூடத் தாண்டாது.

இப்ப எதிர்ச் சுவர் ஓரமா கட்டிலை இழுத்த அந்த ரூம்மேட்டைக் கவனிப்போம். நம்ம உடம்புல பொட்டாசியம் இருக்கு. அதுல பொட்டாசியம்-40 இருக்கு. அதுவும் கதிரியக்கம்தான். சராசரி ஆள் ஒருத்தரோட உடம்புக்குள்ள இதனால மட்டும் வினாடிக்கு நாலாயிரம் சிதைவு நடக்குது. அம்மா வயித்துல இருந்தே நடக்குது. அந்த ரூம்மேட்டுக்கும் நடக்குது, அவங்க அம்மாவுக்கும் நடக்குது. கட்டிலை எங்கே இழுத்துப் போட்டாலும் படுக்கறது அவங்களோடதானே!

சமாரியத்தையும் லுட்டீசியத்தையும் வேலைக்கே வெச்சிருக்காங்க தெரியுமா? சமாரியம் நியோடிமியமா மாறுகிற வேகத்தை வெச்சுப் பாறைகளோட வயசைச் சொல்றாங்க. சந்திரன்ல இருந்து கொண்டுவந்த கல்லுக்குக்கூட இப்படி வயசு பார்த்தாங்க. கேன்சர் எங்கே இருக்குன்னு தேடற பெட் ஸ்கேன் மெஷினுக்குள்ள இருக்கற படிகம் பல மாடல்கள்ல லுட்டீசியம் கலந்தது. அது தானாவே லேசா சிதைஞ்சுட்டு இருக்கறதால மெஷின் எப்பவும் ஒரு மெல்லிய இரைச்சலைப் பார்த்துக்கிட்டே இருக்கும். அந்த இரைச்சலை வெச்சே மெஷின் சரியா ஓடுதான்னு செக் பண்றவங்களும் உண்டு. இன்னொரு உறவுக்காரர் லுட்டீசியம்-177. இது இயற்கையில கிடையாது, அணு உலையில தயார் பண்றது. அரை ஆயுள் ஆறரை நாள் சொச்சம். சில வகைப் புற்றுநோய்களுக்கு ஊசியில ஏத்தி, கட்டியைத் தேடிப் போய் அடிக்க விடறாங்க. மும்பை ட்ராம்பேயில இருக்கற துருவா உலையில இது தயாராகுது.

சரி. அப்ப மண்ணுல கதிரியக்கம் எங்கிருந்து வந்தது? கெய்கர் கவுன்ட்டர் கடகடன்னு அடிக்குதே, அது பொய்யா?

பொய் இல்லை. குற்றவாளி வேற ஆள். தோரியம்.

தோரியம் அரிய மண் குடும்பமே இல்லை. கீழ் வரிசை, ஆக்டினைடு. ஆனா ரூம்மேட். மோனசைட்னு ஒரு தாது. தேன் நிறத்துல, செம்பழுப்புல சின்னச் சின்ன மணியா இருக்கும். அடிப்படையில சீரியம், லாந்தனம், நியோடிமியத்தோட பாஸ்பேட். இந்தப் படிகத்துல சீரியம் உட்கார வேண்டிய சீட்டுல தோரியமும் கச்சிதமா உட்கார்ந்துடும். சைஸ் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மின்சுமையில மட்டும் ஒரு பிளஸ் கூட. அதுக்காகப் பக்கத்துல பாஸ்பரஸ் இருக்க வேண்டிய இடத்துல ஒரு சிலிக்கான் வந்து உட்கார்ந்து கணக்கை டாலி பண்ணிடும். இப்படி கோடிக்கணக்கான வருஷம் முன்னால, பாறை உறையும்போதே ரூம் ஷேரிங் முடிஞ்சு போச்சு. நம்ம நாட்டு மோனசைட்டுல 8 முதல் 10 சதவிகிதம் தோரியம் ஆக்ஸைடு. லேசா யுரேனியமும் உண்டு.

அப்புறம் அந்தப் பாறை வெயில்லயும் மழையிலயும் உதிரும். மோனசைட் மட்டும் கரையாது. ஆறு அதைக் கடலுக்குத் தள்ளும். அதுக்கப்புறம் அலை செய்யறது நம்ம பாட்டிங்க முறத்துல அரிசி புடைக்கிற அதே வேலை. சாதாரண மணலை விட மோனசைட் ஏறக்குறைய ரெண்டு மடங்கு கனம். இலேசானதைத் திரும்பிப் போற அலை இழுத்துட்டுப் போயிடும். கனமானது கரையிலயே தங்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட்னு கூட்டாளிங்களோட சேர்ந்து கருமணலா படியும். மணவாளக்குறிச்சி, மிடாலம் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். பௌடர் மாதிரி வெள்ளை மணல்ல கறுப்பு, சிவப்புன்னு யாரோ கோலமாவு கொட்டின மாதிரி கோடு ஓடும். அப்படியே வடக்கே போனா கேரளத்துச் சவரா, கருநாகப்பள்ளி. இந்த மணலைப் படைச்சது கம்பெனியும் இல்லை, அரசாங்கமும் இல்லை. மேற்கு மலையும் மழையும் கடலும்தான்.

கணக்கு ஒண்ணு பார்த்துடலாம். தோரியத்தோட அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம். பிரபஞ்சத்தோட வயசே 1380 கோடிதான்! அவ்வளவு மெதுவான ஆள். ஆனா தனியா வர்றதில்லை, வாரிசுகளோட வருது. தோரியம் உடைஞ்சு ரேடியம், ரேடியம் உடைஞ்சு ஆக்டினியம்... இப்படிப் பத்துப் படி இறங்கி, கடைசியில காரீயமா அடங்கும். ஒரு கிராம் மோனசைட்டுல தோரியம் மட்டும் வினாடிக்கு 300 சிதைவு. வாரிசுகளையும் சேர்த்தா சுமார் 3000. கவுன்ட்டர் அடிக்காம என்ன பண்ணும்? பழி மட்டும் அதே ரூம்ல தங்கின சீரியம், லாந்தனம் மேல. ஹாஸ்டல்ல ஒருத்தன் சிகரெட் பிடிச்சா ரூம்ல உள்ள நாலு பேருக்கும் சேர்த்து வார்டன் ஃபைன் போடுவாரே, அது மாதிரி.

இந்த மணலை வெளி உலகம் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லியே ஆகணும். அப்ப மின்சாரம் பெரிசா வரலை. ஐரோப்பிய நகரங்கள்ல தெருவெல்லாம் கேஸ் விளக்கு. ஆஸ்திரியாக்காரர் கார்ல் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக், 99 பங்கு தோரியம் ஆக்ஸைடும் 1 பங்கு சீரியம் ஆக்ஸைடும் கலந்த வலையைச் சுடர் மேல மாட்டினா வெளிச்சம் பளீர்னு வரும்னு 1891-ல் காட்டினார். கோயில் திருவிழாவுல, ராத்திரிக் கூத்துல தாத்தாங்க பம்ப் அடிச்சு ஏத்தின பெட்ரோமாக்ஸ் விளக்குல தொங்குமே மேன்ட்டில்... அதேதான்! உலகத்துக்கே தோரியம் தேவைப்பட்டது.

1909. திருவிதாங்கூர்ல இருந்து கப்பல்ல போன கயிறு. தேங்காய் நார்க் கயிறுதான். அதுல ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க்ங்கற ஜெர்மன் வேதியியலாளர் பார்க்கறார். மினுமினுன்னு மஞ்சள் மணி. சோதிச்சா மோனசைட்! கயிறு எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னு பிடிச்சு, அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே மணவாளக்குறிச்சியில ஆலை போட்டுட்டார். கயிறு திரிச்ச கைக்குத் தான் எதை ஏற்றுமதி பண்றோம்னு தெரியவே தெரியாது. அப்புறம் முதல் உலகப் போர். ஜெர்மன்காரர் கையில இருந்தது பிரிட்டிஷ்காரங்க கைக்குப் போச்சு. 1940-கள்ல அணுகுண்டு வந்ததும் மணலோட மவுசே மாறிப் போச்சு. 1947-ல் திருவிதாங்கூரைத் தனி நாடா நிறுத்தப் பார்த்தப்ப திவான் சி.பி.ராமசாமி ஐயர் கையில இருந்த துருப்புச் சீட்டுகள்ல இந்த மோனசைட்டும் ஒண்ணு. சுதந்திரத்துக்கு அப்புறம் மத்திய அரசு 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தை ஆரம்பிச்சது. மணவாளக்குறிச்சி 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம் இருந்து, அப்புறம்தான் நம்ம மாநிலத்துக்கு வந்தது. மணல் நகரவே இல்லை, எல்லைதான் நகர்ந்தது.

ஒரு குட்டித் தகவல்: இப்ப வர்ற மேன்ட்டில்கள் பலதுல தோரியத்தைத் தூக்கிட்டாங்க. பதிலுக்கு யார் தெரியுமா? இட்ரியம். அதாவது, நம்ம அரிய மண் குடும்பத்துப் பையன்!

சரி, சீரியஸ் மேட்டர். தங்கச்சி கேட்டது இதைத்தானே... உடம்புக்கு என்ன ஆகும்?

உலகத்துல ஒரு சராசரி மனுஷன் இயற்கையில இருந்து வருஷத்துக்கு வாங்கற கதிர்வீச்சு சுமார் 2.4 மில்லி சீவர்ட். ஒரு தடவை மார்புக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தா கிட்டத்தட்ட 7. கருநாகப்பள்ளி மாதிரி மோனசைட் கரைகள்ல இந்தச் சராசரியைப் போலப் பல மடங்கு வாங்கற இடங்கள் இருக்கு. அதனால அங்கே கேன்சர் கூடுதான்னு திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்காரங்க வீடு வீடாப் போய்ப் பார்த்தாங்க. 69,958 பேரை, சராசரியா பத்தரை வருஷம் தொடர்ந்து கவனிச்சாங்க. 2009-ல் முடிவு வந்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனா கதிர்வீச்சு கூடின இடத்துல நோய் கூடினதாக் கணக்கு காட்டலை. குழந்தைகள் விஷயம்? அதையும் பார்த்தாங்க. 1995-ல இருந்து கேரளக் கடற்கரைப் பகுதியில ஒரு லட்சத்துக்கும் மேலான பிரசவங்களைப் பதிவு பண்ணி, பிறவிக் குறைபாட்டுக்கும் மண்ணோட கதிர்வீச்சுக்கும் தொடர்பு தெரியுதான்னு தேடினாங்க. குறிப்பிடும்படியா எதுவும் தெரியலை.

தங்கச்சி, பாதியில நிறுத்தின அந்தப் பொண்ணுக்கு இதைப் படிச்சுக் காட்டு. இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம்: கதிர்வீச்சு தொத்து வியாதி இல்லை. தோரியம் மணல்ல இருக்கு. மணலை விட்டு வந்துட்டா கதிரும் அங்கேயே நின்னுடுது. மேலே பட்ட காமா கதிர் உன்னைக் கதிரியக்கமா மாத்தாது. எக்ஸ்-ரே எடுத்துட்டு வந்தவங்க இருட்டுல மினுங்கறாங்களா என்ன? கட்டிலை நகர்த்தினது அறியாமை. அவ்வளவுதான். அதுக்குப் போய் நீ ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன்னு எழுதியிருக்கியே... வேண்டாம்.

ஆனா 'எல்லாம் சேஃப், போய்த் தூங்குங்க'ன்னு முடிச்சுட்டா நானும் யோக்கியன் இல்லை.

கரையில கிடக்கற மணல் வேற. அதைத் தோண்டி, காய வெச்சு, காந்தத்துலயும் மின்புலத்துலயும் ஓட்டிப் பிரிச்சு, காஸ்டிக் சோடாவுல வேக வெச்சு அரிய மண்ணை எடுக்கறது வேற. அப்படி எடுக்கும்போது ரூம்மேட்டை வெளியே அனுப்பியே ஆகணும். தோரியம் ஒரு பக்கம், ரேடியம் ஒரு பக்கம், தூசி காத்துல. வெளியே இருந்து படற கதிரை விட மூச்சுல போற தூசிதான் கவலை. தோரியத்தோட வாரிசுகள்ல ஒண்ணு தோரான்னு வாயு. நம்ம நாட்டுல தோரியத்தைத் தனியாச் சேமிச்சு வைக்கிறாங்க, என்னிக்காவது அணு உலைக்கு எரிபொருளாகும்ங்கற கனவுல. ஹோமி பாபா காலத்துக் கனவு. கல்பாக்கத்துல காமினின்னு ஒரு குட்டி உலை. தோரியத்துல இருந்து செஞ்ச யுரேனியம்-233-ல ஓடறது. 1996-ல் முதல் தடவை உயிர் பெற்றது. அதோட சக்தி வெறும் 30 கிலோவாட்!

வெளியே அனுப்பின ரூம்மேட்டைச் சரியாப் பார்த்துக்கலைன்னா என்ன ஆகும்? மலேசியாவுல ஈப்போ பக்கத்துல புக்கிட் மேரா. தகரச் சுரங்கக் கழிவுல கிடைச்ச மோனசைட்டைப் பிரிக்க, ஜப்பானிய மிட்சுபிஷி குழுமத்தோட பங்கு இருந்த ஏஷியன் ரேர் எர்த் 1982-ல் அங்கே ஆலையை ஓட்ட ஆரம்பிச்சது. தோரியக் கழிவை எங்கே வைக்கிறதுன்னே சரியாத் தீர்மானிக்கலை. சாதாரண ஜனங்க, கடைக்காரங்க, அம்மாங்க சேர்ந்து 1985-ல் கோர்ட்டுக்குப் போனாங்க. குழந்தைகளுக்கு லுகேமியா, கருச்சிதைவுன்னு புகார். எங்களால இல்லைன்னு கம்பெனி. 1992-ல் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. ஜனங்க தெருவுல கொண்டாடினாங்க. 1993-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணிடுச்சு. ஜனங்க தோத்தாங்க. ஆனா 1994-ல் கம்பெனி தானாவே கடையைக் கட்டிடுச்சு! அப்புறம் மண்ணைத் தோண்டி எடுத்துச் சுத்தம் பண்ற வேலை வருஷக்கணக்குல இழுத்தது. அந்த ஆலையில பிரிச்ச அரிய மண் எந்தப் பாவமும் பண்ணலை. கூட வந்த ஆளை எங்கே படுக்க வைக்கிறதுன்னு யோசிக்காததுதான் பாவம்.

இப்ப உலகமே காந்தத்துக்காக அரிய மண்ணைத் தேடுது. 2025 ஏப்ரல்ல சீனா ஏழு அரிய மண் தனிமங்களோட ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் கார் கம்பெனிகள் ஆடிப் போச்சு. அந்தச் சூடு நம்ம கடற்கரைக்கும் வருது. 2013-லேயே தனியார் தாது மணல் அள்ள தமிழக அரசு தடை போட்டுடுச்சு. இப்ப மத்திய அரசு நிறுவனம் கிள்ளியூர் வட்டாரத்துல 1,144 ஹெக்டேர்ல மணல் எடுக்கற திட்டத்தோட நிக்குது. 2024-ல் கருத்துக் கேட்புக் கூட்டம்னதும் கடற்கரை ஊர்களே எதிர்த்துக் கிளம்பி, கூட்டம் தள்ளிப் போச்சு.

இதுல எனக்கு ஒரு விஷயம் வேடிக்கையா இருக்கு, கொஞ்சம் கோபமாவும் இருக்கு. ஒரு தரப்பு, 'கதிரியக்க மணலை நாங்க எடுத்துட்டா ஊருக்கு நல்லதுதானே'ங்குது. இன்னொரு தரப்பு, 'ஐயோ கதிரியக்கம், ஊரே செத்துடும்'ங்குது. ரெண்டு பேர் கையிலயும் அதே பயம்தான் ஆயுதம். கேட்க வேண்டிய கேள்விகள் வேற. மணலை எடுத்தா கடல் எவ்வளவு உள்ளே வரும்? வலை உலர்த்தற இடம், கட்டுமரம் ஏத்தற இடம் என்ன ஆகும்? ஆலையில வேலை செய்யறவங்க எவ்வளவு தூசி சுவாசிக்கிறாங்க, அந்த அளவை ஊருக்குப் புரியற தமிழ்ல யார் எழுதி ஒட்டுவாங்க? கேரளத்துல அத்தனை ஆயிரம் பேரைக் கவனிச்ச மாதிரி குமரிக் கரையிலும் வருஷக்கணக்கா வீடு வீடாப் போய்க் கணக்கெடுத்து, முடிவை ஊர்க்காரங்க கையில கொடுப்பாங்களா? பாட்டிக்கு எண்பது வயசு தாண்டிடுச்சுங்கறது சந்தோஷமான சேதி. ஆனா ஒரு பாட்டியை வெச்சு ஸ்டாடிஸ்டிக்ஸ் போட முடியாது, தங்கச்சி. அது உனக்கும் தெரியும்.

லெட்டரோட ஓரத்துல ஒரு வரி கிறுக்கியிருக்கு: 'ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க ஊர்க் கரை முழுக்க கதிர்வீச்சு அளக்கலாமா சார்? எங்க டிபார்ட்மென்ட்ல கவுன்ட்டர் இருக்கு. கைடு சிரிக்கிறார்.'

அளக்கலாம். தாராளமா அளக்கலாம். கருமணல் கோடு மேல ஒரு ரீடிங், வெள்ளை மணல் மேல ஒரு ரீடிங், வீட்டு முற்றத்துல ஒண்ணு, வீட்டுக்குள்ள ஒண்ணு. தரையில இருந்து ஒரு மீட்டர் உயரத்துல வெச்சு எடு, இல்லேன்னா ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது. மழைக்காலம் முடிஞ்சு ஒரு தடவை, அதுக்கு முன்னால ஒரு தடவை. ஏன்னா அலை ஒவ்வொரு சீசன்லயும் மணலை மாத்தி மாத்திப் புடைக்கும். முதல் ரீடிங்கை மட்டும் கரையில எடுக்காதே. ஹாஸ்டல் ரூம்ல எடு. அந்தக் கட்டில் பக்கத்துல, ரூம்மேட்டைக் கூட வெச்சுக்கிட்டு. கட்டடத்துல கிரானைட் தரையா இருந்தா அங்கேயும் கவுன்ட்டர் லேசா டிக் டிக்குனு சொல்லும். அதுலயும் தோரியம், யுரேனியம், பொட்டாசியம் எல்லாம் உண்டு.

கைடு அப்பவும் சிரிச்சா எனக்கு ஒரு கார்டு போடு. அடுத்த வாரம் பார்க்கலாம் ஃப்ரெண்ட்ஸ்!